‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் ‘காசு’ம்

ஆங்கிலத்தில் கைப்பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் சொல், தமிழ்க் ‘காசு’ என்பதன் திரிபே என்று மேடைகளிற் கூறக் கேட்கின்றோம். ஒலியும் பொருளும் ஒருங்கே இயைதலின் இக்கூற்று எளிதில் நம்பப்படுகின்றது. சொல்லின் வரலாறோ இதற்கு இடந்தரவில்லை.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திற் புகுந்த ‘கேஷ்’, பணம் வைக்கும் பெட்டியையும் அதனுள் இருக்கும் பணத்தையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்னும் பொருள் வழக்கு வீழ்ந்தது. பணம் ஒன்றே எஞ்சிற்று. பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் ‘காப்ஸா’ என்பதே இதன் மூலம். இத்தாலியத்தில் அது ‘காஸ்ஸா’ ஆயிற்று. உறை, பெட்டி எனப் பொருள்படும் ‘கேஸ்’ என்பதும், மருந்துக் குளிகைக்கு வழங்கும் ‘காப்ஸ்யூல்’ என்பதும் இதன் உடன்பிறப்புகளே. பெட்டியின் பெயர் பணத்திற்கு ஆகி வந்ததை நம் இலக்கணத்தார் இடவாகுபெயர் என்பர். “இன்று கல்லா எவ்வளவு?” என நம் கடைவீதியில் வினவுவதும் இத்தகையதே.

ஆயின் ஆங்கிலத்தில் மற்றொரு ‘கேஷ்’ உண்டு. சிறு நாணயத்தைக் குறிக்கும் அதுவே நம் காசு. இதனை முதலில் எடுத்துச் சென்றோர் போர்த்துகீசியர். அவர்கள் மொழியில் பெட்டிக்கு ‘காய்ஷா’ என்று பெயர். அதுவும் மேற்கூறிய இலத்தீன் சொல்லின் வழித்தோன்றலே. கேட்ட தமிழ்ச் சொல்லுக்குத் தாம் அறிந்த அவ்வடிவத்தையே அவர்கள் சூட்டினர். அதனைப் பின்பற்றிய ஆங்கிலேயரிடம் அது ‘கேஷ்’ ஆகி, முன்னைய சொல்லோடு வடிவொத்து நின்றது. மயக்கம் பிறந்த இடம் இதுவே. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதி இந்நாணயப் பெயரைத் தமிழோடு தொடர்புபடுத்தியுள்ளது. துளையிட்ட சீனச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் இப்பெயராலேயே அழைத்தனர்; சீனர் அவ்வாறு வழங்கியதில்லை. உரிமையில்லாத சொல்லுக்கு வழக்காடுவோர், சீனம் வரை சென்ற இவ்வுரிமைச் சொல்லை மறந்துவிடுதல் வியப்பே.

காசு என்றும் சிறு நாணயமாகவே இருந்ததன்று. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளிற் காணும் காசு பொற்காசு. அதன் நிறை அரைக் கழஞ்சு என்பது ஆய்வாளர் துணிபு. 1818இல் ரூபாய் நிலைபெறும் வரை சென்னைக் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். எனவே ஒரு பொன் வராகனுக்கு 3,360 காசு வேண்டியிருந்தது. ஐரோப்பியர் அகராதிகளில் ஏறியது இந்தச் செப்புக் காசே.