புதிய கிட்டாரும் பழைய பெயரும்



கடந்த மாதம் ஒரு மாலைவேளையில், எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவன் ஒருவன், தோளில் கறுப்பு உறையொன்றைச் சுமந்தவனாய் வாசலில் வந்து நின்றான். இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அவன் வாங்கிய புதிய எலக்ட்ரிக் கிட்டார் அந்த உறைக்குள் இருந்தது. ஆனால் அவன் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"ஐயா, கொஞ்சம் பாருங்கள். வாசிக்கும்போது முதல் தந்தி ஓரத்தை விட்டு நழுவிவிடுகிறது. என் விரல்தான் சரியில்லையோ என்று ஒரு வாரமாகப் பயிற்சி செய்து பார்க்கிறேன்" என்றான்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதியைக் கிட்டார்க்காரர்கள் நெக் என்பார்கள். அந்த நெக், உடற்பகுதியில் நேராக உட்காராமல் சற்றே ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. தடித்த தந்தியின் பக்கத்தில் இடம் தாராளமாயிருக்க, மெல்லிய தந்தியோ விளிம்பின்மேல் நடந்துகொண்டிருந்தது. குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் என்னும் உலோகக் கம்பிகளின் முனைகள் உள்ளங்கையைக் கீறின. அவன் விரலில் குற்றம் எதுவுமில்லை. அதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. "இவ்வளவு பெரிய பெயர் போட்டிருக்கிறதே, ஐயா" என்றான்.

அந்தக் கிட்டார் எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே நமக்குத் தேவையில்லை. ஆனால் அவன் சொன்ன அந்தக் குறை, தந்தி ஓரத்தை விட்டு நழுவும் அந்தக் குறை, எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இன்னொரு பெரிய பெயரைத் தாங்கிய கிட்டார்களை வாங்கியவர்கள் இதே புலம்பலைப் புலம்பியிருக்கிறார்கள். கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் நகரில் பிறந்த ஃபெண்டர் நிறுவனத்தின் வரலாறு அது. இந்த வாரம் அதைச் சற்று விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

லியோ ஃபெண்டர் 1909-ல் பிறந்தவர். 1938-ல் ஃபுல்லர்டனில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்தார். எலக்ட்ரிக் கிட்டாரின் வரலாற்றையே மாற்றிய இந்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். ஆயினும் அதுவே உண்மை. வாசிக்கத் தெரியாத காரணத்தால் அவர் வாசிப்பவர்களின் வாயையே நோக்கியிருக்க வேண்டியதாயிற்று. செய்த கருவியை இசைஞர்களிடம் கொடுப்பார். அவர்கள் இரவு கச்சேரியில் வாசித்துவிட்டு வந்து குறை சொல்வார்கள். அவர் மறுபடியும் மேசைக்குப் போவார்.

அவருடைய தொடக்கக் காலம் குற்றமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 1950-ல் எஸ்குயர் என்ற பெயரில் வெளிவந்த முதல் கிட்டார்களின் நெக்குகளில் உலோகக் கம்பி எதுவும் இல்லை. மேப்பிள் மரம் கடினமானது, வேறு துணை வேண்டாம் என்பது லியோவின் எண்ணம். ஆனால் முறுக்கேற்றிய ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை, ஏறத்தாழ 40 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பானது. தந்தி தடித்தால் அதற்கும் மேல். நெக்குகள் வளைந்தன. கிட்டார்கள் திரும்பி வந்தன. விற்பனைக்குப் பொறுப்பாயிருந்த டான் ராண்டல், நெக்கின் உள்ளே இரும்புக் கம்பி வைத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார். லியோ இணங்கினார். மரத்தின் பின்புறத்தில் நீளப் பள்ளம் வெட்டி, கம்பியை உள்ளே வைத்து, வால்நட் மரப்பட்டையால் மூடினார்கள். இன்றும் பல ஃபெண்டர் கிட்டார்களின் பின்னால் ஓடும் அந்தக் கரும்பட்டை, வாங்கியவர்களின் முறையீடு விட்டுச் சென்ற தழும்பு என்றே எனக்குத் தோன்றும்.

1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கதையும் இதுதான். முந்தைய கிட்டாரின் கூரிய விளிம்பு விலாவில் குத்துகிறது என்று இசைஞர்கள் சொன்னதால் உடற்பகுதி வளைவாகச் செதுக்கப்பட்டது. இரண்டு தந்திகளுக்கு ஒரு தாங்கி என்று மூன்றே தாங்கிகள் இருந்ததால் சுருதி துல்லியமாய்ச் சேரவில்லை என்றார்கள். ஆறு தந்திக்கும் ஆறு தாங்கிகள் வந்தன. இன்று நாம் அழகு என்று வியக்கிறவற்றில் பாதி, யாரோ ஒருவருடைய முறையீட்டுக்குக் கிடைத்த பதில்.

1964-ஆம் ஆண்டளவில் லியோ நெடுநாள் நோய்த்தொற்றால் தளர்ந்திருந்தார். நிறுவனத்தை விற்றுவிடத் தீர்மானித்தார். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற மாபெரும் ஒலிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலர் கிரயம் கொடுத்து அதை வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியை வாங்க அதே நிறுவனம் கொடுத்த தொகையைவிட இது அதிகம். இவ்வளவு கொடுத்தவர்கள் அதைத் திரும்ப எடுக்க அவசரப்பட்டதில் வியப்பில்லை. பெரிய தொழிற்சாலை எழும்பியது. உற்பத்தி பெருகியது. கிட்டாரின் தலைப்பகுதிகூடப் பெரிதாயிற்று. பெயரும் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டது.

இவ்விடத்தில் நான் மிகவும் மதிக்கும் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஃபாரஸ்ட் வைட் என்பவர் 1954 முதல் ஃபெண்டர் தொழிற்சாலையை நிர்வகித்து வந்தவர். புதிய உரிமையாளர்கள் டிரான்சிஸ்டரால் இயங்கும் ஒலிபெருக்கிகளைச் சந்தைக்குக் கொண்டுவர முனைந்தபோது, அவை ஃபெண்டர் பெயருக்குத் தகுந்தவையல்ல என்று அவர் கண்டார். தயாரிப்புக்கு ஒப்புதல் அளிக்க மறுத்தார். 1966-ன் இறுதியில் வேலையை விட்டு வெளியேறினார். அவர் அஞ்சியபடியே அந்த ஒலிபெருக்கிகள் பழுதாகிப் பழுதாகித் திரும்பி வந்தன. சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. ஒரு தொழிற்சாலையில் தரம் என்பது எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், கையெழுத்திட மறுக்கத் துணிந்த அந்த ஒரு கையில் இருந்தது என்பேன். அந்தக் கை போனபின் 1969-ல் ராண்டல் போனார். ஆலோசகராகப் பெயரளவில் இருந்த லியோவும் 1970-ல் விலகினார்.

இனி அந்தப் புகழ்பெற்ற மூன்று திருகாணிகளின் கதைக்கு வருவோம். ஃபெண்டர் கிட்டாரின் நெக், உடலிலுள்ள ஒரு பள்ளத்தில் அமர்த்தப்பட்டு நான்கு திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. 1971-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு அவை மூன்றாயின. கூடவே, நெக்கைக் கழற்றாமலே அதன் சாய்வைத் திருத்திக்கொள்ள ஒரு சிறு திருகும் சேர்ந்தது. எண்ணம் நல்லது. ஆனால் நெக்கின் அடிப்பகுதிக்கும் பள்ளத்துக்கும் இடையே காகிதம் நுழையும் இடைவெளிகூட இருக்கலாகாது என்பதே இந்த வேலையின் உயிர். அவசரத் தயாரிப்பில் பள்ளங்கள் அகலமாய் வெட்டப்பட்டன. நான்கு திருகாணி இருந்தால் ஓரளவு பிடித்து நிறுத்தும், மூன்றோ விட்டுக்கொடுத்தது. கையால் சற்றுத் தள்ளினாலே நெக் பக்கவாட்டில் அசைந்தது. தந்தி விளிம்பை விட்டு விழுந்தது. வாசலில் வந்து நின்ற அந்தப் பிள்ளையின் குறை இதுவே அல்லவா?

பழி முழுவதும் மூன்று திருகாணிகளின்மேல் விழுந்தது. இன்றும் பலர் அப்படியே சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்தச் சாய்வுத் திருகு லியோவின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஃபெண்டரை விட்டு வந்தபின் மியூசிக் மேன் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கி 1976-ல் வெளிவந்த ஸ்டிங்ரே பேஸ் கிட்டாரிலும், பின்னர் ஜி அண்ட் எல் நிறுவனத்தின் தொடக்கக் காலக் கருவிகளிலும் அதே மூன்று திருகாணிகளையே வைத்தார். அங்கே அவற்றுக்கு அந்த அவப்பெயர் வரவில்லை. பள்ளம் அளவாய் வெட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

நியாயமாய்ப் பேசவேண்டுமானால், சி.பி.எஸ். காலத்துக் கிட்டார்கள் அனைத்தும் குப்பை என்பதும் தவறு. 1969-ல் உட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில் இருந்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் அந்தக் காலத்தில் செய்யப்பட்டதே. அடுத்த பத்தாண்டிலும் நல்லவை இருந்தன. ஒரே நாளில், ஒரே கூரையின்கீழ், ஒரே பெயரோடு நல்லதும் பழுதானதும் வெளியே வந்தன. எது எது என்று பெட்டியைத் திறக்கும்வரை தெரியாது என்பதே வாங்குபவரின் துயரம். முழுதும் கெட்டதாயிருந்தால் விலகிப் போய்விடலாம். கலந்து வருவதற்கு என்ன செய்வது?

சிலர் பழையவற்றைத் தேடினார்கள். 1970-ல் எரிக் கிளாப்டன், நாஷ்வில் நகரக் கடையொன்றில் ஐம்பதுகளில் செய்யப்பட்ட ஆறு ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை, ஒன்று ஏறக்குறைய 100 டாலர் வீதம் வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரே கிட்டாராக்கி, அதற்குப் பிளாக்கி என்று பெயரிட்டார். அந்தக் கிட்டார் 2004-ல் 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. அது உலகறிந்த ஒருவரின் கைபட்டதற்கான விலை. ஆனால் சாதாரண வாசிப்பாளர்களும் 1965-க்கு முந்தியது, பிந்தியது என்று பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். புதிய சரக்கைவிடப் பழைய சரக்கு நம்பகமானது என்று வாங்குபவர்கள் எண்ணத் தொடங்குவதைவிட ஒரு தொழிற்சாலைக்குப் பெரிய அவமானம் உண்டோ?

வேறு சிலர் ஜப்பானை நோக்கினார்கள். டோக்காய், கிரெக்கோ முதலிய பெயர்களில் அங்கே செய்யப்பட்ட நகல்கள், ஐம்பதுகளின் ஃபெண்டரை அங்குலம் அங்குலமாய் அளந்து செய்யப்பட்டவை. விலை குறைவு, வேலையோ சுத்தம். நகல் எடுத்தது சரியா என்பது வேறு வழக்கு. தன்னுடைய பழைய கிட்டாரை எப்படிச் செய்வது என்பதை ஃபெண்டரைவிட அவர்கள் கவனமாய்ப் படித்திருந்தார்கள்.

1981-ல் சி.பி.எஸ். விழித்துக்கொண்டது. ஜப்பானிய நிறுவனமான யமஹாவின் அமெரிக்கக் கிளையிலிருந்து ஜான் மெக்லாரன், பில் ஷுல்ட்ஸ், டான் ஸ்மித் ஆகியோரை அழைத்துவந்தார்கள். வந்தவர்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் செய்த முதல் காரியம் உற்பத்தியைக் குறைத்ததுதான். தேய்ந்துபோன அச்சுகளையும் இயந்திரங்களையும் வைத்துக்கொண்டு எவ்வளவு வேகமாய் ஓடினாலும் பயனில்லை என்று அவர்கள் கண்டார்கள். நான்கு திருகாணிகள் திரும்பின. 1982-ல் ஜப்பானியக் கூட்டாளிகளோடு ஃபெண்டர் ஜப்பான் தொடங்கப்பட்டது. மாட்சுமோட்டோ நகரின் ஃபுஜிஜென் தொழிற்சாலை அதற்காகக் கிட்டார்களைச் செய்தது. அங்கிருந்து வந்த முதல் மாதிரிகளைக் கண்டபோது ஃபுல்லர்டனில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய அழுகை வந்துவிட்டதாக டான் ஸ்மித் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தாங்கள் செய்ய விரும்பிச் செய்யமுடியாமற்போன ஒன்று, கடல் கடந்து அவர்கள் மேசைக்கு வந்திருந்தது.

1985-ல் ஷுல்ட்ஸும் உடன் பணியாளர்களும் சேர்ந்து நிறுவனத்தை வாங்கினார்கள். விலை 1 கோடியே 25 லட்சம் டாலர். இருபது ஆண்டுகளுக்கு முன் கொடுத்ததைவிடக் குறைவு. அதிலும் ஃபுல்லர்டன் தொழிற்சாலைக் கட்டடம் சேரவில்லை. பெயரும் உரிமைகளும் கையிருப்பும்தான் கிடைத்தன. கரோனா என்ற ஊரில் சிறிய இடமொன்றில், விரல்விட்டு எண்ணத்தக்க கிட்டார்களோடு மறுபடியும் தொடங்கினார்கள். லியோவோ 1991-ல் இறக்கும்வரை, ஜி அண்ட் எல் பட்டறையில் தம் மேசையிலேயே வேலை செய்துகொண்டிருந்தார்.

இப்போது கணினி இயக்கும் இயந்திரங்கள் மரத்தை வெட்டுகின்றன. பள்ளங்கள் அகலமாய்ப் போவது அரிது. ஆனாலும் மரம் மரமே. ஈரமான ஊரில் செய்த கிட்டார் குளிரூட்டப்பட்ட கடையில் மாதக்கணக்கில் தொங்கும்போது மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால்தான் ஃபிரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறுகின்றன. கடைசியாக ஒருவர் எடுத்துத் தடவிப் பார்த்து, அரம் வைத்துத் தேய்த்தால் தீரும் குறை அது. விலையைக் குறைக்க வேண்டிவரும்போது முதலில் வெட்டப்படுவது அந்தக் கடைசி மனிதரின் நேரம்தான்.

மறுநாள் நானும் அந்தப் பிள்ளையோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லவர், மறுப்பேதும் சொல்லாமல் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். "எல்லாம் ஒரே மாடல்தானே, தம்பி" என்றார். முந்திய இரவு நான் சொல்லிக்கொடுத்தபடி, பையன் கிட்டாரைக் கண்ணருகே உயர்த்தி நெக் நேராயிருக்கிறதா என்று பார்த்தான். இரு ஓரத் தந்திகளுக்கும் வெளியே இடம் சமமாயிருக்கிறதா என்று பார்த்தான். விளிம்பை உள்ளங்கையால் தடவினான். பிறகு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டினான். நான்காம் தந்தியில் ஓரிடத்தில் உலோகம் உரசும் இரைச்சல் வந்தது. தயங்கி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணா, இன்னொன்று பார்க்கலாமா?" என்று அவனே கேட்டான்.

மூன்றாவதாக எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருட்டும் வேளையில் வீடு திரும்பினோம்.