பிறப்பவர் எவர்? செபராங் பிறைக் கல்வெட்டும் தமிழ்ச் சமய நூல்களும்

சுங்கை பாக்காப் அமைந்துள்ள செபராங் பிறை நிலப்பகுதியின் வடபால், 1834ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ ஒரு வடமொழிக் கல்வெட்டைக் கண்டெடுத்தார். கி.பி. 5ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அது, புத்தகுப்தன் என்னும் மாநாவிகனின் பயணம் இனிது நிறைவேற வேண்டுகிறது. அறியாமையால் வினை பெருகும், வினையே பிறவிக்குக் காரணம், ஞானம் எய்தின் வினையில்லை, வினையில்லையேல் பிறவியில்லை என்பது அதிலுள்ள செய்யுளின் கருத்து. பிறப்பவர் எவர் என்பதை அது கூறவில்லை. நிலைத்த ஆன்மாவை ஏற்காத பௌத்தத்திற்கு இம்மௌனம் இயைந்ததே.

இவ்வினாவை மணிமேகலை கதைவழி எழுப்புகிறது. மணிபல்லவத்தில் உண்ணாது உயிர்நீத்த ஆபுத்திரன், சாவக நாட்டில் பிறந்து புண்ணியராசன் என்னும் மன்னனாகிறான். பின்னர் அத்தீவினை அடைந்து, மணலுள் கிடந்த தன் முற்பிறவி எலும்புகளைத் தானே காண்கிறான். அவை அவனுடையன ஆவது எங்ஙனம்? இறுதிக் காதை விளக்கும் பன்னிரு நிதானங்களில் இதற்கு விடை காணலாம். காரண காரியத் தொடர்ச்சி உண்டு. அதனைத் தாங்கும் நிலைபொருள் இல்லை.

13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் வேறு முடிபினை நிறுவுகிறார். 'என் உடல்' என்று கூறுவதும், ஐம்புலன்களை அறிவதும், கனவினை அறிவதும் உடலின் வேறாய் உயிர் உண்டென்பதற்கு அவர் காட்டும் ஏதுக்களுள் அடங்கும்.

எனவே, மறுபிறப்புக் கொள்கையும் ஆன்மக் கொள்கையும் ஒன்றல்ல. மணிமேகலையைக் கற்பிக்கையில் சித்தாந்தம் கூறும் உயிரை அதனுள் ஏற்றிப் பொருள் கொள்வது, தமிழில் நிகழ்ந்த ஓர் அரிய தத்துவ வாதத்தையே மாணவர்க்கு மறைத்துவிடும் எனக் கருதுகிறோம்.