திரும்ப வரும் வரியும் பிற கடன்களும்: 245-ஆம் பிரிவின் எல்லை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் ஒருவரின் கூலியில் 194சி பிரிவின்படி 1 விழுக்காடு வரி பிடிக்கப்பட்டிருந்து, அவ்வாண்டு அவர் வரி வரம்பை எட்டவில்லையென்றால் அத்தொகை அவருக்குத் திரும்ப வர வேண்டும். அவரே 6 விழுக்காடு வட்டியில் வாங்கிய நெசவாளர் முத்ரா கடனில் தவணை தவறியிருக்கலாம். மாநகராட்சிக்கு வீட்டு வரி பாக்கியும் வைத்திருக்கலாம். இவற்றைத் திரும்ப வரும் தொகையிலிருந்து வருமான வரித்துறை கழித்துக்கொள்ளலாமா? அரசு என்பது ஒன்றே; அதற்குச் சேர வேண்டியதை அதனிடமுள்ள பணத்திலிருந்து அது எடுத்துக்கொள்ளும் என்ற வாதம் நம் சட்ட எழுத்துகளில் நெடுநாளாக இருந்துவருகிறது. பில்டர்ஸ் சப்ளை கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965-இல் அளித்த தீர்ப்பு இதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. பிணையின்றிக் கடன் கொடுத்தவர்களைவிட அரசின் வரிப் பாக்கிக்கு முன்னுரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பு. கடன் கொடுத்தவர்களுள் யார் முந்தி என்ற கேள்வியை அது தீர்த்தது. ஒரு துறை தரவேண்டிய பணத்தில் இன்னொரு துறையின் பாக்கியைக் கழிக்கும் அதிகாரத்தை அதிலிருந்து பெற இயலாது.

அந்த அதிகாரத்தை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 245-ஆம் பிரிவில்தான் தேட வேண்டும். திருப்பித் தரவேண்டிய தொகையை, அச்சட்டத்தின்கீழ் செலுத்தாமல் நிற்கும் தொகைக்கு எதிராக மட்டுமே அது ஈடுகட்ட விடுகிறது; அதுவும் எழுத்தில் அறிவித்த பிறகே. இந்த எல்லை வரைவாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று கொள்வது கடினம். 2017-ஆம் ஆண்டு மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 54(10) பிரிவைப் பாருங்கள். பழைய மறைமுக வரிச் சட்டங்களின் பாக்கியையும் கழிக்கலாம் என்று நாடாளுமன்றம் அங்கே வெளிப்படையாகவே எழுதியது. 2023-இல் 245-ஆம் பிரிவை மாற்றியமைத்தபோது, திருப்பித் தரும் தொகையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைச் சேர்த்தது. ஆனால் எந்தப் பாக்கிக்கு ஈடுகட்டலாம் என்ற வரம்பைத் தொடவில்லை. எல்லையை விரிக்கத் தெரிந்த நாடாளுமன்றம் இங்கே விரிக்காமல் விட்டதை விருப்பமாகவே படிக்க வேண்டும் என்பது என் துணிபு. அமெரிக்காவிலும் இதே நிலைதான். 2008-இல் வழங்கிய வரிச் சலுகைத் தொகையில் கூட்டரசுக் கடன்கள் கழிக்கப்பட்டன. 2020-இன் முதல் நிவாரணத் தொகையில் குழந்தைப் பராமரிப்பு நிலுவையை மட்டும் கழிக்கச் சட்டம் இடம் தந்தது. இரண்டையும் சட்டமே சொல்லிற்று.

அரசுப் பாக்கிகளை வசூலிக்க வருவாய் மீட்புச் சட்டம் இருக்கிறதே என்ற மறுப்பு நெடிய விடைக்கு உரியதன்று. அது தனி நடைமுறை. 245-க்கு அதனால் புது அதிகாரம் பிறக்காது.

வரிப் பாக்கியே ஆனாலும், முன்னறிவித்துப் பதிலைக் கருதிய பின்பே கழிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013-இல் தானாக எடுத்த வழக்கில் ஆணையிட்டது. தறிக்கூலியில் வாழ்பவருக்கு இந்த அறிவிப்பு கைக்கு எட்டும் வகையில் வந்தாக வேண்டும். மின்னஞ்சலில் கிடக்கும் கடிதத்தை அறிவிப்பாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

ஒரு வாசல் மட்டும் திறந்தே இருக்கிறது. திரும்ப வரும் பணம், கடன் கொடுத்த வங்கியின் கணக்கிலேயே வந்து விழுந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு தரும் பற்றுரிமையை வங்கி கோரக்கூடும். அது அரசின் கழிப்பு ஆகாது. ஆயினும் நெசவாளர் கையில் பணம் நில்லாது. கணக்குத் தாக்கலில் உறுப்பினர்களுக்கு உதவும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், கடன் நிலுவையுள்ள வங்கியைத் தவிர்த்து வேறொரு வங்கிக் கணக்கைக் குறிப்பிடச் சொல்ல வேண்டும்.