கோடீஸ்வரன் எழுதாத பரீட்சை

1956 ஆகஸ்டில் எங்கட திருகோணமலையில் தமிழரசுக் கட்சி மாநாடு கூடியது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 33ஆம் இலக்கச் சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தமிழுக்கும் சம அந்தஸ்து வேண்டும் என்று மாநாடு கேட்டது. அந்தச் சட்டம் பிறகு அரச ஊழியரின் மேசைக்கு வந்தது ஒரு பரீட்சையாக.

செல்லையா கோடீஸ்வரன் 1952இல், நிர்வாகம் ஆங்கிலத்தில் நடந்த காலத்தில், எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை என்றது 1961 டிசம்பர் திறைசேரிச் சுற்றுநிருபம். அவர் பரீட்சைக்குப் போகவில்லை. 1962 ஏப்ரலில் ஏற்றம் நின்றது. வழக்குப் போட்டார்.

1964இல் மாவட்ட நீதிபதி டி கிரெட்சர், மொழிச் சட்டம் சிறுபான்மையினருக்குக் காப்பான அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்றார். 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்காட ஏலாது என்று தள்ளியது. 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் 'ஏலும்' என்றது. சட்டம் செல்லுமா என்ற கேள்வியை மட்டும் திருப்பி அனுப்பியது. 1972 அரசியலமைப்போடு 29ஆம் பிரிவே போய்விட்டது. கேள்விக்குப் பதில் வரவேயில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு கேள்விக்குப் பதில் வந்தது. வட கரோலினாவின் டியூக் பவர் கம்பனி, கறுப்பினத் தொழிலாளர் நல்ல பிரிவுகளுக்கு மாறப் பொது அறிவாற்றல் சோதனைகள் வைத்தது. வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றுதான். படித்த பள்ளிக்கூடங்கள் ஒன்றல்ல. செய்யும் வேலையோடு தொடர்பில்லாமல் ஒரு சாராரை வெளியே தள்ளும் சோதனை, கெட்ட நோக்கம் இல்லாவிட்டாலும் சட்டவிரோதம் என்று 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதை வைத்துப் பார்த்தால், மொழிப் பரீட்சையே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. மூன்று சமூகமும் வந்து நிற்கிற திருகோணமலைக் கந்தோர் ஒன்றில் இரண்டு மொழியும் தேவைதான். 1961இல் பிழைத்தது, வேறு மொழியில் வேலைக்கு எடுத்தவர்களிடம் இடையில் விதியை மாற்றி, சுமையை ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தது. 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. 2007 ஜூலைக்குப் பிறகு சேர்ந்தவர்கள், தமிழரோ சிங்களவரோ, 5 வருடத்துக்குள் மற்ற மொழியைக் கற்கவேண்டும். இது முந்தியதைவிட நியாயம்.

ஆனாலும் போரில் படிப்பு குழம்பினவருக்கும், நகரத்தில் இடைவெளியில்லாமல் படிச்சவருக்கும் அதே 5 வருடம் ஒரே அளவா? வினாத்தாளைச் சமமாக்குவது லேசு. படிக்க வகுப்பும் நேரமும் யாருக்குக் கிடைத்தது என்று கேட்பதுதான் கஷ்டம். வேலைக்கு அது தேவையா, கற்க வழி விட்டோமா: வளர்ந்தவர்களுக்குப் பரீட்சை வைக்க முதல் இந்த இரண்டையும் கேட்கச் சொல்லுது கோடீஸ்வரன் வழக்கு.