தணிக்கையை ஏமாற்றிய வேற்றுக்கிரகவாசிகள்

டிவி தொடர் என்றால் வெறும் பொழுதுபோக்குதானே என்பவர்களுக்கு ஒரு அமெரிக்கக் கதை.

1955-ல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். கொன்ற இரு வெள்ளையரை, முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி விடுதலை செய்தது. இதை மனதில் வைத்து ராட் செர்லிங் ஒரு டிவி நாடகம் எழுதினார். தென்மாநிலங்களில் வியாபாரம் படுத்துவிடுமே என்று விளம்பரதாரருக்குப் பயம். 1956-ல் ஒளிபரப்பானபோது கதை வடக்கே நியூ இங்கிலாந்துக்குப் போயிருந்தது. செத்தவன் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன்!

செர்லிங் வேறு வழி பிடித்தார். 1959-ல் சிபிஎஸ் சேனலில் 'தி ட்விலைட் ஸோன்' தொடங்கினார். மனிதர்களை வைத்துச் சொல்ல விடாததை வேற்றுக்கிரகவாசிகளை வைத்துச் சொன்னார்.

1960-ல் வந்த மேப்பிள் தெரு கதையையே பாருங்கள். தெருவில் கரண்ட் போகிறது. நம்மில் யாரோ வேற்றுக்கிரகத்து ஆள் என்று சந்தேகம் கிளம்புகிறது. அடித்துக்கொள்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரையே சுட்டுவிடுகிறார்கள். நிஜ வேற்றுக்கிரகவாசிகள் செய்தது விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது மட்டும்தான்! 1950-களின் கம்யூனிஸ்ட் வேட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியாமலா இருந்திருக்கும்?

1964 வரை 156 பகுதிகள். 92 அவரே எழுதியவை.

தடைதான் கற்பனையை வளர்த்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் 1956-ல் எம்மெட் டில்லின் கதையை எம்மெட் டில்லின் கதையாக அவரால் சொல்ல முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.