மோகன் பகான் கதையில் நான் சொல்லாமல் விட்ட பாதி



இன்று ஜூலை 29. கல்கத்தாவில் இதை மோகன் பகான் தினம் என்று கொண்டாடுகிறார்கள். என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது. வங்கப் பிரிவினைப் பாடம் வந்தால், புத்தகத்தில் இல்லாத இந்தக் கதைக்கு அரைப் பீரியடு போய்விடும். மணி அடித்தாலும் விடமாட்டேன். ஆனால் நான் சொன்னது பாதிக் கதைதான். மீதியை இன்று எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிந்த பாதி. மோகன் பகான் சங்கம் 1889 ஆகஸ்ட் 15 அன்று வடக்குக் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். 1914இல் நம் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் இவரேதான். கால்பந்தை இங்கே கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரப் பட்டாளத்தார். ஐ.எஃப்.ஏ. கேடயம் என்ற பெரிய போட்டி 1893இல் தொடங்கியது. 1910 வரை ஒரு இந்திய அணிகூட அதை வென்றதில்லை.

1911இல் மோகன் பகான் முதலில் சேவியர் கல்லூரியை வென்றது. பிறகு ரேஞ்சர்ஸ், ரைபிள் பிரிகேடு. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமெண்டோடு 1-1 என்று சமன் ஆகி, மறு ஆட்டத்தில் 3-0. இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட். ஊர்நாட்டிலிருந்து கூட்டம் வரத் தனி ரயில் விட்டார்கள். மைதானத்துக்குள் நுழைய முடியாதவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டு கோல் கணக்கைத் தெரிவித்தார்கள். வெள்ளைக்காரர்கள்தான் முதல் கோல் போட்டார்கள். கேப்டன் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது அபிலாஷ் கோஷ் இரண்டாவதைப் போட்டார். 2-1.

வங்கத்தை 1905இல் இரண்டாகக் கூறு போட்ட அரசாங்கத்தின் பட்டாளம் அது. அதை வீழ்த்திய அணியில் கிழக்கு வங்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் பிரிவினை ரத்தானது, தலைநகரமும் டெல்லிக்குப் போயிற்று. இதற்கும் அந்த ஆட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று அப்போதும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் கோட்டைமேல் பறந்த கொடியைக் காட்டி, "அது எப்போது இறங்கும்?" என்று கேட்டாராம். அடுத்த முறை மோகன் பகான் கேடயம் வெல்லும்போது என்று பதில் வந்ததாம். அடுத்த முறை வென்ற ஆண்டு 1947!

இந்த இடத்தில் வகுப்பே கைதட்டும். "பூட்ஸ் போட்டவனை வெறுங்காலால் ஜெயித்தார்கள்" என்று நான் முடிப்பேன்.

அதிலேயே ஒரு தவறு இருந்தது. பதினொருவரும் வெறுங்காலில் ஆடவில்லை. தடுப்பாட்டக்காரர் ரெவரெண்ட் சுதிர் சாட்டர்ஜி பூட்ஸ் போட்டிருந்தார். தெரிந்தேதான் அதை விட்டுவிட்டேன். பத்துப் பேர் வெறுங்கால் என்று சொன்னால் கதை கொஞ்சம் நொண்டும் அல்லவா?

இப்போது மீதிப் பாதி. அந்த வெற்றிக்குப் பிறகு வெறுங்கால் ஆட்டமே ஒரு கௌரவமாகிவிட்டது. காய்ந்த தரையில் அது நல்ல ஆட்டம்தான், பந்து விரலுக்கு அடங்கும். ஆனால் கல்கத்தாவில் கால்பந்துப் பருவமே மழைக்காலம். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். மழை நாளில் பூட்ஸ் போட்டு ஆடப் பழகிக்கொண்ட முகமதன் ஸ்போர்ட்டிங், 1934 முதல் 1938 வரை ஐந்து வருடம் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்றது. மோகன் பகானுக்கு முதல் லீக் பட்டம் 1939இல்தான் கிடைத்தது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். பிரான்சிடம் 1-2 என்று தோற்றாலும் உலகமே மெச்சியது. நம் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டியை வீணாக்காமல் இருந்திருந்தால் வென்றே இருப்போம். 1951 டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம். அடுத்த வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிர் தேசம், எதிரே யூகோஸ்லாவியா. 1-10! மோகன் பகானின் சைலேன் மன்னாதான் கேப்டன். அதன் பிறகே பூட்ஸ் கட்டாயம் என்று விதி போட்டார்கள். நான்கே வருடத்தில், 1956 மெல்போர்னில், நான்காம் இடம் வந்தோம். கால் அதே கால்தான்.

போன உலகக் கோப்பையின்போது மகள் வயிற்றுப் பேரன் பிரேசில் சட்டை போட்டுக்கொண்டு, "அப்பச்சி, பிரேசில்ல நடந்த உலகக் கோப்பைக்கு நம்மளக் கூப்பிட்டாங்களாமே, வெறுங்கால்னு சேத்துக்கலயாமே?" என்று கேட்டான். அது 1950. பயணச் செலவில் பெரும்பகுதியைத் தருகிறோம் என்றுகூடச் சொன்னார்கள். போகாதது நாமேதான். ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை அவ்வளவு முக்கியமில்லை என்று நம் சங்கத்தார் நினைத்தார்கள். வெறுங்காலைக் காரணம் சொன்னது ஒரு சாக்கு என்று மன்னாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆக, வெறுங்கால் ஒரு சமயம் பெருமைக்கு, ஒரு சமயம் சாக்குக்கு.

நானும் அதையேதான் செய்தேன். 1987 என்று நினைவு. ராசிபுரம் பக்கம் வேலை பார்த்தபோது நம் பள்ளி அணி வட்டாரப் போட்டிக்குப் போயிற்று. தறிக் குடும்பத்துப் பிள்ளைகள், கிழங்கு மில்லில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். நெருஞ்சி முள்ளுக்குப் பழகிய கால்கள். எதிரணி பூட்ஸோடு வருகிறது என்று தெரிந்ததும் பையன்கள் முகம் வாடிப்போனது. முதல் நாள் சாயங்காலம் எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து மோகன் பகான் கதையைச் சொன்னேன். மறுநாள் 4-0 என்று தோற்றோம். ஒரு பையனுக்குக் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் ஒழுகியது. கட்டுப் போட்டுவிட்டு சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் கேட்டான்: "சார், அந்தக் கல்கத்தாக்காரங்களுக்கெல்லாம் காலு வலிக்கலீங்களா?"

வலித்திருக்கும் கண்ணு என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பேச்சை மாற்றினேன். பூட்ஸுக்கு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை. கதை சொல்வது சுலபமாக இருந்தது.

அந்தப் பையன் இப்போது நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சு எங்கெங்கோ போய் அந்த மேட்சுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிக் காட்டினான். நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது.