எதிர்வீட்டுச் சாட்சி

(தலைப்பு: விளையாட்டு வீரனின் சாதனைக்குப் பெருமை சேர்ப்பது பத்திரிகைகளின் முழக்கமா, ரசிகர்களின் மனமா? "ரசிகர்களின் மனமே" என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி கேட்டாங்க: "எழுதினாத்தானே சாதனை? எழுதலேன்னா யாருக்குத் தெரியும்?" நல்ல கேள்வி. நான் ஒண்ணு திருப்பிக் கேட்கிறேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீங்க. பையன் எப்படின்னு யாரிடம் விசாரிப்பீங்க? அவனைப் பெற்ற தாயிடமா? அவங்க "தங்கக் கம்பி"ன்னுதான் சொல்வாங்க. தரகரிடமா? அவர் "வைரக் கம்பி"ன்னே சொல்வார். (சிரிப்பு) விவரம் தெரிஞ்சவங்க எதிர்வீட்டில்தான் விசாரிப்பாங்க. விளையாட்டிலே தாய் யார்? சொந்த அணியின் ரசிகன். தரகர் யார்? பத்திரிகையும் தொலைக்காட்சியும். எதிர்வீட்டுக்காரன் யார்? எதிரணி ரசிகன்! அவன் சாட்சிதான் சாட்சி. இதை அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்ட வரலாற்றிலிருந்து நிரூபிக்கிறேன்.

பேஸ்பாலில் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் ஹோம் ரன். நம்ம கிரிக்கெட்டின் சிக்சர் மாதிரி. 1927ஆம் ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேப் ரூத் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் அடித்தார். 34 வருஷம் யாரும் அதைத் தாண்டவில்லை. 1961இல் அதே அணியில் இரண்டு பேர் அந்த எண்ணைத் துரத்தினார்கள். ஒருவர் மிக்கி மேன்டில், அந்த அணியிலேயே வளர்ந்த செல்லப்பிள்ளை. இன்னொருவர் ராஜர் மாரிஸ், வேறு அணியிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர்.

பத்திரிகைகள் என்ன செய்தன? இருவருக்கும் சண்டை என்று எழுதின. உண்மை என்ன தெரியுமா? இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார்கள்! ஒரே சமையலறை! (சிரிப்பு) ஆனால் முழக்கத்தைக் கேட்ட ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? சொந்த மைதானத்திலேயே சொந்த வீரரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். மாரிஸுக்குக் கவலையில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. போதாதென்று, ஆட்ட ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் நடுப்பருவத்தில் ஒரு புது நிபந்தனை போட்டார். ரூத் காலத்தில் பருவத்துக்கு 154 ஆட்டம், இப்போது 162. எனவே 154க்குள் அடித்தால்தான் முழுச் சாதனை என்றார். இந்த ஃப்ரிக் யார்? ஒரு காலத்தில் பத்திரிகைக்காரர். ரூத்தின் பெயரில் கட்டுரை எழுதிக் கொடுத்தவர்!

1961 அக்டோபர் 1. பருவத்தின் கடைசி ஆட்டம். மாரிஸ் 61ஆவது ஹோம் ரன் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 23,154 பேர். மைதானம் பாதிகூட நிறையவில்லை. அத்தனை முழக்கத்துக்குப் பிறகு! 1991இல்தான் அந்த வேறுபாட்டை நீக்கி, 61 என்பது 61தான் என்று அறிவித்தார்கள். அதைக் கேட்க மாரிஸ் இல்லை. 1985லேயே காலமாகிவிட்டார்.

"ரசிகர்கள் மட்டும் யோக்கியமா?" என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். அடுத்த வரலாறு அதற்குத்தான் பதில்.

பேப் ரூத்தின் வாழ்நாள் கணக்கு 714. அதை நெருங்கியவர் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ஹாங்க் ஆரன், கறுப்பின வீரர். 1973 பருவம் 713இல் முடிந்தது. ஒன்றே ஒன்று குறைவு! குளிர்காலம் முழுக்க நாடே நாள் எண்ணியது. அந்த 1973இல் அவருக்கு வந்த கடிதங்கள் ஏறத்தாழ 9 லட்சத்து 30 ஆயிரம். அவற்றில் நிற வெறிக் கடிதங்கள் குவியல் குவியலாக இருந்தன. "கொன்றுவிடுவோம்" என்ற மிரட்டல்களும் இருந்தன. மெய்க்காப்பாளர் இல்லாமல் அவர் நடமாட முடியவில்லை.

அந்தக் கடிதம் எழுதியவன் எதிரணி ரசிகனா? இல்லை ஐயா! எதிரணி ரசிகன் மைதானத்தில் கத்துவான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவான். வெறியன்தான் உட்கார்ந்து கடிதம் எழுதி, காசு கொடுத்து ஸ்டாம்ப் ஒட்டி மிரட்டுவான். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்காதீங்க. (கைதட்டல்)

இந்த மிரட்டல் கதை செய்தியாக வந்த பிறகு, சாதாரண ஜனங்களிடமிருந்து ஆதரவுக் கடிதங்கள் வந்து குவிந்தன. செய்தி நல்லது, ஒத்துக்கொள்கிறேன். முழக்கம்தான் கெட்டது.

1974 ஏப்ரல் 8, அட்லாண்டா. எதிரே லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணி. ஆரன் 715ஆவதை அடித்தார். அரங்கில் 53,775 பேர் எழுந்து நின்றார்கள். அவருடைய அம்மா மைதானத்துக்குள் வந்து மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்போது டாட்ஜர்ஸ் ரசிகர்களுக்கு வானொலியில் நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தவர் வின் ஸ்கல்லி. தோற்கப்போகிற அணியின் குரல் அவர்! என்ன செய்தார்? பேச்சை நிறுத்தினார். கூட்டத்தின் ஆரவாரம் மட்டும் கேட்கட்டும் என்று சும்மா இருந்தார். பிறகு, அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கறுப்பின மனிதருக்கு ஊரே எழுந்து நிற்கிறது, என்ன அற்புதம் என்று மனம் நெகிழ்ந்து சொன்னார். எதிர்வீட்டுச் சாட்சி என்றால் இதுதான்! (பலத்த கைதட்டல்)

ஆரன் என்ன சொன்னார்? அப்பாடா, எல்லாம் முடிந்ததே என்று கடவுளுக்கு நன்றி சொன்னார். சாதித்த அன்றைக்கு ஒரு மனிதன் சந்தோஷப்படாமல் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறான் என்றால், அந்த முழக்கம் அவனை என்ன பாடு படுத்தியிருக்கும்!

இப்போது 1998. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் மார்க் மெக்வயர், சிகாகோ கப்ஸின் சாமி சோசா. ஜென்மப் பகை அணிகள். மெக்வயர் செப்டம்பர் 8ஆம் தேதி 62ஆவதை அடித்தபோது எதிரணியில் ஆடிய சோசா ஓடிவந்து கட்டிக்கொண்டார். நாடே கண் கலங்கியது. பருவ முடிவில் 70க்கு 66. ஆனால் ஆகஸ்டிலேயே ஒரு செய்தியாளர் மெக்வயரின் அலமாரியில் தசை வளர்க்கும் மாத்திரைப் புட்டியைப் பார்த்து எழுதிவிட்டார். அந்த ஒருவருக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் திருவிழா நடக்கும்போது குறை சொல்லலாமா என்று அவரைத்தான் திட்டினார்கள். முரசுச் சத்தத்தில் எதிர்வீட்டுக்காரனும் அன்றைக்கு மயங்கித்தான் போனான். 2010இல் மெக்வயரே ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஒருமுறை ஏமாந்த எதிர்வீட்டுக்காரன் இரண்டாம் முறை ஏமாறவில்லை. 2007இல் சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் பாரி பாண்ட்ஸ் ஆரனின் 755ஐ நெருங்கினார். தெரிந்தே மருந்து எடுக்கவில்லை என்று அவர் மறுத்து வந்தார். சொந்த ஊரில் ஆரவாரம். வெளியூரில் போன இடமெல்லாம் கூச்சல். 756ஆவது பந்தை ஒருவர் 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, என்ன செய்யலாம் என்று மக்களிடமே ஓட்டுக் கேட்டார். நட்சத்திரக் குறி பொறித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பு என்றார்கள் மக்கள். இன்னொன்றும் சொல்கிறேன். புகழ் மண்டபத்துக்கு வீரர்களைத் தேர்ந்தெடுப்பது பேஸ்பால் எழுத்தாளர் சங்கம். 1998இல் முரசு கொட்டிய அதே எழுத்துலகம் மெக்வயரையும் தேர்ந்தெடுக்கவில்லை, சோசாவையும் தேர்ந்தெடுக்கவில்லை, பாண்ட்ஸையும் தேர்ந்தெடுக்கவில்லை. கைதட்டச் சொன்னதும் நீங்களே, கைதட்டியது தப்பென்று சொன்னதும் நீங்களே! (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியாக 2022. யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 60 அடித்து, மாரிஸின் 61ஐத் துரத்தினார். தொலைக்காட்சிக்காரர்கள் கல்லூரிக் கால்பந்து ஒளிபரப்பின் நடுவிலே புகுந்து, ஜட்ஜ் மட்டை பிடிப்பதைக் காட்டினார்கள். கால்பந்து ரசிகர்களுக்கு வந்ததே கோபம்! நம்ம வீட்டில் படத்தின் கிளைமாக்ஸில் விளம்பரம் வந்தால் பாட்டிக்கு வருமே, அந்தக் கோபம். (சிரிப்பு) ஆனால் அந்தக் கோபம் முழக்கத்தின் மேல்தான், மனிதன் மேல் இல்லை. அக்டோபர் 4ஆம் தேதி டெக்சாஸில், எதிரணியின் மைதானத்தில், ஜட்ஜ் 62ஆவதை அடித்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நடுவர் அவர்களே! எழுந்து நிற்கச் சொல்லி யாரும் எதிரணி ரசிகனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. சந்தேகப்படவும் அவனுக்கு உரிமை உண்டு, கத்தவும் உரிமை உண்டு. அந்த உரிமை உள்ளவன் மனம் வந்து தட்டுகிற கைதட்டல்தான் சாதனைக்குப் பெருமை. நம்ம பிள்ளைகள் நாளைக்கு மைதானத்துக்குப் போகும்போது ஒன்று சொல்லி அனுப்புங்கள்: எதிரணியை எதிர்த்துக் கத்து, தப்பில்லை. ஆனால் அந்த ஆளும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்பதை மறக்காதே. எனவே ரசிகர்களின் மனமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)